பஞ்சம் கட்டிய அரண்மனை

போசரியில் வாழும் நம்மைக் காண ஊரிலிருந்து உற்றார் வந்தால், ஓய்வு நாளில் அவர்களை அழைத்துச் சென்று காட்டுவதற்கு நமக்குச் சில இடங்கள் உண்டு. ஆளந்தியில் ஞானேசுவரரின் சமாதியை வணங்குகிறோம். நகருக்குள் சென்று பேஷ்வாக்களின் சனிவார் வாடாவைப் பார்க்கிறோம். திகி, விசுராந்தவாடி வழியாக ஏரவாடா சென்று ஆகாகான் மாளிகையின் முன் நிற்கிறோம். அம்மாளிகையில்தான் 1942 ஆகஸ்டு முதல் 1944 மே வரை காந்தியடிகள் சிறை வைக்கப்பட்டிருந்தார். மகாதேவ தேசாயும் கஸ்தூரிபா அம்மையாரும் அங்கேயே உயிர் நீத்தனர். அவர்களுடைய சமாதிகளைக் கண்டு தலைவணங்கித் திரும்புகிறோம். ஆனால், சிறையாக ஆவதற்கு ஐம்பது ஆண்டுகட்கு முன்னர் அம்மாளிகை எதற்காகக் கட்டப்பட்டது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

மூன்றாம் ஆகாகான் அதனைக் கட்டுவித்தது 1892-ஆம் ஆண்டில். புணேயைச் சூழ்ந்த சிற்றூர்கள் பஞ்சத்தில் வாடிய காலம் அது. பசித்த மக்களுக்கு வேலை கொடுத்து, கூலியாகச் சோறு கிடைக்கும்படி செய்வதே நோக்கம் என்றும், ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே வேலை செய்தனர் என்றும் சொல்வர். இதே காரணத்துக்காக, இதனினும் பன்மடங்கு பெரியதாக, இராஜஸ்தானத்துப் பாலைவன நகரமான ஜோத்பூரிலும் ஓர் அரண்மனை எழுந்தது. உமைத் பவன் என்பது அதன் பெயர். அரசர் குடியிருந்த மாளிகைகளுள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அதன் பொன்னிறக் கற்களையும் வானளாவும் குவிமாடத்தையும் புகழ்வோர் பலர். அதைக் கட்டியது பஞ்சம் என்பதை நினைப்போர் சிலரே. அந்த அரண்மனை ஏன் எழுந்தது, எவ்வாறு எழுந்தது, அது பஞ்சத்தை வென்றதா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் நாட்டைப் பார்ப்போம். மார்வாடி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சென்னைச் சௌகார்பேட்டையிலும் மதுரைக் கடைவீதியிலும் நாம் கேட்டுப் பழகிய சொல்தான். மார்வார் நாட்டினன் என்பதே அதன் பொருள். ஜோத்பூரைத் தலைநகராகக் கொண்ட அந்நாட்டின் பெயரிலேயே 'மரு' என்னும் பாலைவனச் சொல் அடங்கியிருக்கிறது. ஆரவல்லி மலைத்தொடருக்கு மேற்கே, தார்ப் பாலைவனத்தின் விளிம்பில் அது கிடக்கிறது. ஜோத்பூரில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக முப்பத்தைந்து சென்டிமீட்டர் அளவே. அதுவும் ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் பெய்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பழந்தமிழ்ப் புலவர் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை. மழை பொய்த்து வெயில் வாட்டும்போது பிற நிலங்கள் அடையும் நிலையே பாலை என்று கொண்டனர். மார்வாரின் வரலாற்றைப் படிக்கும்போது அக்கொள்கையின் நுட்பம் நமக்குப் புலப்படுகிறது. அங்கே கம்பு விளையும் நிலமும் உண்டு. ஆடும் ஒட்டகமும் மேயும் புல்லும் உண்டு. ஒரு பருவம் தவறினால் எல்லாம் பாலையாகிவிடும்.

ராத்தோர் குலத்து ராவ் ஜோதா என்னும் மன்னர் 1459-ஆம் ஆண்டில் இந்நகரை நிறுவினார். முன்னைத் தலைநகரான மண்டோரை விட்டு, நானூறு அடி உயரமுள்ள செங்குத்தான பாறையொன்றின் மேல் மெஹரான்கட் கோட்டையை அமைத்தார். அந்தப் பாறையில் தனித்திருந்த துறவி ஒருவர் வெளியேற்றப்பட்டதாகவும், சினந்த அவர், இந்நாட்டுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் நீங்காதிருக்கட்டும் என்று சபித்ததாகவும் நாட்டு மக்கள் கதை சொல்வர். சாபம் தீரும் பொருட்டு இராஜாராம் மேக்வால் என்னும் எளிய குடிமகன் கோட்டையின் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட இசைந்தான் என்பதும், அவன் குடும்பத்துக்கு மன்னர் நிலம் வழங்கினார் என்பதும் அக்கதையின் தொடர்ச்சி. கதை எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. அந்நகரம் தன் பிறப்பிலேயே தண்ணீரைப் பற்றிய அச்சத்தோடு பிறந்தது. பெரிய கட்டடம் எழும்போது எளியவனின் உயிர் அதற்கு அடியில் கிடக்கிறது என்பதையும் அம்மக்கள் மறக்கவில்லை.

அரண்மனைக்காக உயிர் கொடுத்த கதை இன்னொன்றும் அந்நாட்டில் உண்டு. அது செவிவழிக் கதை மட்டுமன்று, வரலாறாகவே போற்றப்படுவது. 1730-ஆம் ஆண்டில், மகாராஜா அபய சிங்கின் காலத்தில், புதிய மாளிகை ஒன்றுக்குச் சுண்ணாம்பு நீற்ற விறகு வேண்டியிருந்தது. ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி என்னும் சிற்றூருக்கு மரம் வெட்ட ஆட்கள் அனுப்பப்பட்டனர். அவ்வூரில் நிறைந்திருந்த கேஜ்ரி மரம் நமக்கு அந்நியமானதன்று. நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரமே அது. பாலையில் நிழலும் தீவனமும் தருவது அம்மரமே. உயிர்களையும் மரங்களையும் காப்பதை அறமாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் அங்கே வாழ்ந்தனர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்றார்; கோடரிக்கு இரையானார். அவர் உட்பட ஒருவர்பின் ஒருவராக 363 பேர் மாண்டனர். செய்தி கேட்ட மன்னர் வருந்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டுவதைத் தடை செய்தார். கோட்டைக்கு மக்கள் கொடுத்த விலை ஒரு வகை. மாளிகைக்குக் கொடுத்த விலை இன்னொரு வகை. அதே நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்குப் பின், மக்களின் உயிரைக் காப்பதற்கென்றே ஓர் அரண்மனை கட்டப்பட்டது என்றால், அது எண்ணிப் பார்க்கத்தக்க மாறுதல் அன்றோ?

மார்வார் மக்கள் பஞ்சத்தைத் தரம் பிரித்து வைத்திருந்தனர். தானியம் விளையாவிட்டால் அது ஒரு பஞ்சம். நீரும் வற்றிவிட்டால் அதனினும் கொடியது. தானியம், நீர், புல் ஆகிய மூன்றும் ஒருங்கே அற்றுப்போனால் அதற்குத் 'திரிகால்' என்று பெயர். 1899-1900-இல் வந்தது அத்தகைய முப்பஞ்சம். விக்கிரம ஆண்டு 1956-இல் நேர்ந்ததால், ஐம்பத்தாறு என்னும் பொருள்பட அதனைச் 'சப்பனியா' என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். நம் முன்னோர் தாது வருஷத்துப் பஞ்சத்தை நினைவில் வைத்திருந்தது போலவே அவர்களும் ஆண்டின் பெயராலேயே அத்துயரை நினைவு கூர்கின்றனர். மாடுகளை ஓட்டிக்கொண்டு மாளவத்துக்கும் சிந்துவுக்கும் குஜராத்துக்கும் மக்கள் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டனர். வழியில் மாடுகள் வீழ்ந்தன. பின்னர் மனிதர்களும் வீழ்ந்தனர்.

பஞ்சம் என்றால் உணவே இல்லாமற் போவது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை சற்று வேறு. இருப்புப் பாதை வந்த பிறகு தானியத்தை வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட முடிந்தது. ஆனால், பயிர் கருகியதால் வேலையிழந்த உழவனிடமும் தொழிலாளியிடமும் அதை வாங்கக் காசு இல்லை. சந்தையில் மூட்டை இருக்கும். வாசலில் பட்டினி கிடக்கும். இவ்வுண்மையைப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். கௌடிலியரின் அர்த்த சாஸ்திரம் இதற்கு மருந்தையும் பண்டைக் காலத்திலேயே சொல்லியிருக்கிறது. பஞ்ச காலத்தில் அரசன் மக்களுக்கு உணவளித்து, அவர்களைக்கொண்டு கோட்டையோ நீர்நிலையோ கட்டுவித்துக்கொள்ளலாம் என்பது அதன் அறிவுரை. கோட்டையோ நீர்நிலையோ என்னும் அந்தச் சொற்களை நாம் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நமது பொருளின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இந்த மருந்தைப் பிற்காலத்தில் பலர் கையாண்டனர். 1784-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அயோத்தி நவாபு ஆசப்-உத்-தௌலா இலக்னோவில் பெரிய இமாம்பாராவை எழுப்புவித்துப் பலருக்குப் பிழைப்பளித்தார். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் பஞ்சக் கூலியாட்களைக்கொண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் என வழங்குகிறது. இன்று சென்னையின் பறக்கும் ரயில் அக்கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் ஓடுகிறது. அதில் செல்லும்போது கீழே தெரியும் அந்தக் கரிய நீர், ஒரு காலத்தில் பசித்த கைகள் தோண்டிய வழி என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

ஆயினும் பஞ்ச வேலை என்பது எப்போதும் கருணையாக மட்டும் இருந்ததில்லை. அதே 1877-இல், ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, வேலை செய்யும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று வரையறுத்தார். அஃதாவது, நாள் முழுதும் கல்லுடைப்பவனுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். அது உடலைக் காக்கப் போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதிட்டார். அவ்வாண்டிலேயே சென்னையில் அளவு உயர்த்தப்பட்டது. இங்கே தக்காணத்திலோ, மக்களே எதிர்த்து நின்றனர். குறைந்த கூலிக்கு இணங்க மறுத்து, ஆயிரக்கணக்கானோர் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். புணேயில் 1870-இல் தோன்றிய சார்வஜனிக சபை அவர்களுக்காக அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் விடுத்தது. பட்டினியால் வாடுவோரும் நியாயமான கூலியைக் கேட்கலாம் என்பதை நாம் வாழும் இந்த மண் அன்றே நாட்டுக்குக் காட்டியது. பின்னர் 1880-இல் பஞ்ச ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. அதனடிப்படையில் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன.

இந்தப் பின்னணியில்தான் உமைத் சிங்கின் கதை வருகிறது. 1903-இல் பிறந்த அவர், தமையனார் மறைந்ததால் 1918-இல், பதினைந்தாம் வயதில், ஜோத்பூர் அரியணைக்கு உரியவரானார். 1923-இல் முழு ஆட்சிப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. விமானங்களில் பெருவிருப்பம் கொண்டவர். ஜோத்பூரில் விமான நிலையத்தையும் விமானச் சங்கத்தையும் ஏற்படுத்தினார். 1920-களின் பிற்பகுதியில் மார்வாரில் மழை தொடர்ந்து பொய்த்தது. உழவர் வேலை கேட்டு மன்னரின் வாயிலை நோக்கினர். நகருக்குத் தென்கிழக்கே சித்தர் என்னும் குன்று இருந்தது. அதன்மேல் புதிய அரண்மனை ஒன்றைக் கட்டுவதென்று உமைத் சிங் முடிவு செய்தார். 1929 நவம்பர் 18-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. உலகச் சந்தைகள் சரிந்து, எங்கும் தொழில்கள் முடங்கத் தொடங்கிய நேரம் அது. அந்நேரத்தில் ஒரு பாலைவனச் சமஸ்தானத்தில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர்வரை நிலையான வேலைக்குச் சேர்ந்தனர்.

கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி வான் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயச் சிற்பி. அவரைத் தமிழர் அறிந்துகொள்ளக் காரணம் உண்டு. அவர் ஜோத்பூருக்குச் செல்வதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே சென்னையின் நகரமைப்பை ஆராய்ந்தவர். சென்னை மாகாணத்து ஊர்களை எவ்வாறு திருத்தியமைக்கலாம் என்பது பற்றி அவர் எழுதிய நூல் 1918-இல் வெளிவந்தது. போசரியின் பட்டறைகளில் மோட்டார் உறுப்புகளைக் கடையும் நம்மவர்க்கு இன்னொரு செய்தியும் சுவையாக இருக்கும். அவருடைய தம்பி பிரெடரிக் லான்செஸ்டர் மோட்டார்த் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர். வட்டத் தட்டைக் கவ்வி வண்டியை நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்கு 1902-இலேயே அவர் காப்புரிமை பெற்றார். தம்பி இயந்திரத்தில் காட்டிய நுட்பத்தை அண்ணன் கல்லில் காட்டினார் எனலாம்.

குன்றுக்குத் தண்ணீரும் இல்லை, வழியும் இல்லை. கல் வெட்டும் இடத்திலிருந்து கட்டுமிடத்துக்குக் கற்களைக் கொண்டுவருவதற்கென்றே தனி இருப்புப் பாதை போடப்பட்டது. மணற்கல்லைப் பெரும் பாளங்களாக வெட்டி, ஒன்றின் விளிம்பில் நாக்கும் மற்றொன்றின் விளிம்பில் காடியும் செதுக்கினர். தச்சர் பலகைகளைக் கோப்பது போல் ஒன்றினுள் ஒன்றை இறக்கினர். சுண்ணாம்புச் சாந்தும் சிமிட்டியும் இன்றிச் சுவர்கள் எழுந்தன. பளுவான கற்களைப் பனிக்கட்டியின் மேல் வைத்ததாகவும், அது மெல்ல உருக உருகக் கல் தன் இடத்தில் பிசகாமல் அமர்ந்ததாகவும் சொல்வதுண்டு. கல்லோடு கல் பொருந்தி நிற்கும் கலையை நம் கற்றளிகளில் கண்டு வளர்ந்த நமக்கு இம்முறையின் அருமை எளிதில் விளங்கும். ஒரு கருத்து இங்கே நம் நெஞ்சில் தோன்றாமற் போகாது. சுண்ணாம்புக்காக வன்னி மரத்தை வெட்டப் போய் 363 உயிர்கள் மாண்ட நாட்டில், சுண்ணாம்பே சேராத சுவர்களோடு ஓர் அரண்மனை எழுந்தது. அது திட்டமிட்டுச் செய்த கழுவாயன்று. எனினும், கேஜர்லியை அறிந்தவர் அதை எண்ணாமல் அச்சுவரைத் தொட முடியாது.

பதினான்கு ஆண்டுகள் வேலை நடந்தது. 1943-இல் கட்டடம் முடிந்தபோது அதில் 347 அறைகள் இருந்தன. நடுவே எழும் குவிமாடத்தின் உயரம் 105 அடி. வளாகத்தின் பரப்பு இருபத்தாறு ஏக்கர். அதில் பதினைந்து ஏக்கர் தோட்டம். செலவு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். இன்றைய விலைவாசியை வைத்து அத்தொகையைச் சிறிதென எண்ணிவிடக் கூடாது. குன்றின் பெயரால் முதலில் சித்தர் அரண்மனை என்று அழைக்கப்பட்ட அது, பின்னர் மன்னரின் பெயரால் உமைத் பவன் ஆயிற்று. வெளித்தோற்றத்தில் மேனாட்டுக் குவிமாடமும் இராஜபுத்திர மாடங்களும் கலந்திருக்கின்றன. உள்ளே சென்றால், 1930-களில் உலகெங்கும் பரவியிருந்த புதுப்பாணி அணிவகைகளைக் காணலாம். நிலத்தடியில் நீச்சற்குளம் ஒன்று இருக்கிறது. அதன் தளத்தில் பன்னிரண்டு இராசிகளின் உருவங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன.

உள்அலங்காரத்தின் கதை, போரும் பிரிவும் கலந்த கதை. இலண்டனில் செய்வித்த மேசை, நாற்காலி முதலிய தட்டுமுட்டுப் பொருள்களை ஏற்றிவந்த கப்பல், இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் ஜெர்மானியரால் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது ஸ்டீபன் நோர்பிளின் என்னும் போலந்து நாட்டு ஓவியர் இந்தியாவில் இருந்தார். தாய்நாட்டைப் பகைவர் கைப்பற்றியதால் மனைவியோடு வெளியேறி, நாடு நாடாகச் சுற்றி வந்தவர் அவர். மகாராஜா அவரை அழைத்தார். இழந்த பொருள்களுக்கு ஈடாக அவர் புதிய வடிவங்களை வரைந்து தந்தார். உள்ளூர்த் தச்சர்கள் அவற்றைச் செய்து முடித்தனர். அரியணை மண்டபச் சுவர்களில் இராமாயணக் காட்சிகளை அவர் தீட்டினார். நாட்டை இழந்து வனம் புகுந்த இராமனின் கதையை, நாடிழந்து வந்த ஒருவர் பாலைவன மாளிகையில் தீட்டியது எத்தகைய பொருத்தம்! அவர் பின்னர் அமெரிக்கா சென்று 1952-இல் காலமானார். நெடுங்காலம் பழுதுற்றிருந்த அவ்வோவியங்களை அவர் நாட்டிலிருந்து வந்த வல்லுநர்கள் அண்மைக் காலத்தில் செப்பனிட்டனர்.

இத்தனை பாடுபட்டு எழுந்த மாளிகையில் உமைத் சிங் வாழ்ந்தது நான்கே ஆண்டுகள். 1947 ஜூன் மாதத்தில், நாற்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். இரு மாதங்களில் நாடு விடுதலை பெற்றது. அவர் மகன் ஹன்வந்த் சிங் ஆகஸ்டு மாதத்தில் இந்திய ஒன்றியத்தோடு சேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அரசுரிமை போன பின் அவர் மக்களிடம் வாக்குக் கேட்டு முதற் பொதுத் தேர்தலில் நின்றார். 1952 ஜனவரி 26-ஆம் நாள், முடிவுகள் வெளியாகிக்கொண்டிருந்த வேளையில், விமான விபத்தில் உயிரிழந்தார். அவர் வென்ற செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை. நான்கு வயதுக் குழந்தையான கஜ் சிங் பட்டத்துக்கு உரியவரானார். 1971-இல் அரசியல் சட்டத்தின் இருபத்தாறாம் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. இத்துணைப் பெரிய மாளிகையைப் பேண வழி வேண்டுமே! 1970-களின் இறுதியில் அதன் ஒரு பகுதி விடுதியாயிற்று. 2005 முதல் தாஜ் நிறுவனம் அவ்விடுதியை நடத்திவருகிறது. ஒரு பகுதி காட்சிக்கூடம்; ஒரு பகுதி குடும்பத்தார் வாழும் இல்லம். பஞ்சத்தில் கூலிக்குக் கல் சுமந்தவர் கட்டிய அறையில் இன்று ஓர் இரவு தங்குவதற்கான வாடகை, எளியவன் ஒருவனின் பல மாதக் கூலிக்கு ஒப்பாகும்.

இனி, மூன்றாவது வினாவுக்கு வருவோம். இந்த அரண்மனை பஞ்சத்தை வென்றதா? சிலர் இதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவர். அது முழு நியாயம் ஆகாது. பதினான்கு ஆண்டுகள் ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிந்தன. ஊரைவிட்டு ஓடவேண்டிய குடும்பங்கள் ஊரிலேயே தங்கின. கருவூலத்தில் உறங்கிய பணம் கல்வெட்டுவோன் கைக்கும், கழுதையில் மண் சுமந்தவன் கைக்கும் வந்தது. கல்லைப் பிளக்கவும் இழைக்கவும் கற்றவர்க்கு அத்தொழில் வாழ்நாள் முழுவதும் துணையாயிற்று. பசித்தவனுக்கு இன்று சோறு வேண்டும். நாளைய திட்டத்தைக் காட்டி அவன் வயிற்றை நிரப்ப இயலாது. அவ்வகையில் மன்னர் செய்தது உதவியே.

ஆனால், கௌடிலியர் சொன்ன இரு வழிகளை இப்போது நினைவுகூர்வோம். கோட்டையும் கட்டலாம், நீர்நிலையும் கட்டலாம். இரண்டிலும் இன்றைய பசி தீரும். கோட்டை முடிந்த மறுநாள் கூலி நின்றுவிடும். அடுத்த வறட்சியில் அந்தக் குவிமாடம் ஒரு குடம் தண்ணீர் தராது. ஏரியோ, முடிந்த மறுநாள்தான் வேலை செய்யத் தொடங்கும். உமைத் சிங்கும் இதனை அறியாதவரல்லர். 1930-களில் அவர் பெயரால் உமைத் சாகர் என்னும் நீர்த்தேக்கம் உருவாயிற்று. 1946-இல் ஜவாய் ஆற்றின் குறுக்கே அணைகட்டும் வேலையை அவர் தொடங்கி வைத்தார். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், மக்களாட்சிக் காலத்தில், 1957-இல் அது நிறைவெய்தியது. பாலி, ஜோத்பூர்ப் பகுதிகளுக்கு அந்த அணை நெடுங்காலம் தண்ணீர் அளித்துவந்தது. 1990-களில், இமயத்து நீரைச் சுமந்துவரும் இந்திரா காந்தி கால்வாயிலிருந்து நீரை மேலேற்றும் தனிக் கால்வாய் ஒன்று ஜோத்பூரை எட்டியது. துறவியின் சாபத்தை நீக்கியது நரபலியும் அன்று, அரண்மனையும் அன்று; இத்தகைய நீர்ப்பணிகளே. ஜோத்பூர் செல்வோர் பொன்னிற மாளிகையைக் காண்கின்றனர். ஜவாய் அணையை மாளிகையோடு சேர்த்து எண்ணுபவரே அந்த மன்னரின் பணியை முழுதும் அறிந்தவராவர்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. அரண்மனை வேலை மன்னரின் மனம் இரங்கியதால் கிடைத்தது. மனம் இரங்காவிட்டால் கேட்பதற்கு வழியில்லை. நாம் குடிவந்திருக்கும் மகாராட்டிரம் இங்கே ஒரு புது வழியைத் திறந்தது. 1972-இல் இம்மாநிலம் கடும் வறட்சியில் சிக்கியபோது, இலட்சக்கணக்கான மக்கள் நிவாரண வேலைகளுக்கு வந்தனர். மண்வெட்டியும் கூடையும் ஏந்திச் சாலைகள் போட்டனர், கரைகள் எழுப்பினர், நீரைத் தேக்கி நிலத்துள் இறக்கும் குளங்கள் வெட்டினர். அப்போது தொடங்கிய வேலை உறுதித் திட்டத்தை 1977-இல் மாநிலம் சட்டமாக்கியது. வேலை கேட்பவனுக்கு வேலை கொடுப்பது அரசின் கடமை என்றாயிற்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டே 2005-இல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான ஊரக வேலை உறுதிச் சட்டத்தை இயற்றியது. நம் ஊர்களில் நூறு நாள் வேலை என்று பெயர் பெற்றது அதுவே. 1877-இல் தக்காணத்து வேலைத்தலங்களில் எழுந்த குரலுக்கு நூறு ஆண்டுகள் கழித்து இம்மண்ணிலேயே விடை பிறந்தது.

இவை யாவும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பழந்தமிழ்ப் பாட்டில் பாலை என்பது நிலத்தின் பெயர் மட்டுமன்று. பொருள் தேடிப் பிரிந்து செல்வோரின் ஒழுக்கமும் அதுவே. நம்மில் பலர், அன்றேல் நம் தந்தையர், மழை பொய்த்த ஊர்களிலிருந்து வேலை தேடி இங்கு வந்தவர்கள். போசரியின் தொழிற்பேட்டையில் நம் கைகள் கடைந்த உறுப்புகள் நாடெங்கும் ஓடும் வண்டிகளில் இருக்கின்றன. அவற்றில் நம் பெயர் பொறிக்கப்படுவதில்லை. உமைத் பவனின் சுவர்களிலும் அவ்வாறே. வரைந்தவரின் பெயர் தெரிகிறது, கட்டுவித்தவரின் பெயர் தெரிகிறது, தீட்டியவரின் பெயர் தெரிகிறது. கல்லைச் செதுக்கி நாக்கும் காடியும் பிசகாமல் கோத்த மூவாயிரவரின் பெயர் பொறித்த கல் அங்கே இல்லை. கோட்டைக்குள் புதைந்த இராஜாராமின் பெயராவது மக்கள் நாவில் நிலைத்தது.

ஆகவே, அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வந்து, அவர்களோடு ஏரவாடா சென்று ஆகாகான் மாளிகையின் வளைவுகளுக்குக் கீழே நிற்கும்போது, சமாதிகளை வணங்கிய பின் சிறிது நேரம் சுவரையும் பார்ப்போம். கஸ்தூரிபா அம்மையாரின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்வது போலவே, பஞ்சத்தில் ஊர் விட்டு வந்து ஒரு நாட்கூலிக்காக அச்சுவரை எழுப்பியவர்களின் கதையையும் சொல்வோம். அவர்களைப் போலவே மழை பொய்த்த நிலத்தினின்றும் வந்தவர்கள் நாம் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.